வாசகர் கேள்வி பதில்: 1.3.6.1 என்றால் எந்த வீடு?

இந்த மாதம் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். ஸ்விட்ச், ரூட்டர், பிரிண்டர், யூபிஎஸ் எல்லாம் எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களைத் தூரத்திலிருந்து நலம் விசாரிக்கிற பொது மொழி) வழியாகத் தங்களைப் பற்றி என்னென்னவோ எண்களில் சொல்கின்றன, ஒன்றும் புரியவில்லை என்கிறார்கள். அதனால் மொபைல், லேப்டாப் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: காரைக்குடியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டுவிலிருந்து எங்கள் ஸ்விட்சுக்கு ஒரு 'வாக்' (இருக்கிற தகவலை எல்லாம் வரிசையாகக் கேட்கிற கட்டளை) போட்டேன். 'ஐஎஸ்ஓ.3.6.1.2.1.2.2.1.10.3' என்று ஆரம்பித்து நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. இதை யார் வைத்தார்கள்? மனிதனுக்குப் புரிகிற மாதிரி ஒரு பெயர் கொடுத்திருக்கக் கூடாதா சார்?

பதில்: பெயர் கொடுத்துத்தான் இருக்கிறார்கள். அந்தப் பெயர்ப் பட்டியல் உங்கள் கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கியிருப்பீர்கள். அங்கே கிடக்கிற பித்தளை அண்டாவையோ தூக்குவாளியையோ திருப்பிப் பாருங்கள், விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பொளிந்து நாலைந்து எழுத்து இருக்கும். அதுதான் விலாசம். பாட்டனுக்குப் பாட்டன் பெயரின் முதலெழுத்து, அப்புறம் அவர் மகன், அப்புறம் அவர் மகன் என்று வரிசையாகப் போகும். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்தவுடனே இது இன்ன ஊர், இன்ன வீடு, இன்ன ஆச்சிக்குச் சீராக வந்தது என்று சொல்லிவிடுவார். உங்களுக்கும் எனக்கும் அது வெறும் எழுத்து. அண்டா வாய் திறந்து எதையும் சொல்லப்போவதில்லை. விலாசத்தைப் படிக்கிறவர் மனசில்தான் பட்டியல் இருக்கிறது.

உங்கள் ஸ்விட்ச் அந்த அண்டா மாதிரி. அந்த எண்ணுக்கு ஓஐடி என்று பெயர், இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தலைமுறை கீழே இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் மூன்றே கிளை: 0 ஐடியு என்கிற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு, 1 ஐஎஸ்ஓ என்கிற சர்வதேசத் தர அமைப்பு, 2 இரண்டு பேருக்கும் பொதுவானது. நம்முடையது 1, உங்கள் திரையில் 'ஐஎஸ்ஓ' என்று வந்தது அதுதான். அதற்குக் கீழே 3, அடையாளம் கொடுக்கப்பட்ட நிறுவனங்கள். அதற்குக் கீழே 6, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. இது எங்கே இதற்குள் வந்தது என்றால், இன்டர்நெட்டின் மூத்த தலைமுறை அர்ப்பாநெட் அவர்கள் பணத்தில் வளர்ந்த பிள்ளை. அடுத்த 1 இன்டர்நெட். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆர்எஃப்சி என்பது இன்டர்நெட் விதிகளை எழுதிவைக்கிற ஆவண வரிசை, அதில் 1990இல் வந்த ஆர்எஃப்சி 1155ஐ எடுத்துப் படித்தால், பாதுகாப்புத் துறை தன் கிளையை எப்படி நிர்வகிக்கும் என்று இன்னும் சொல்லவில்லை, இன்டர்நெட்டுக்கு ஓர் இடம் ஒதுக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறோம் என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள். பட்டா வருவதற்கு முன்பே வீடு கட்டிக் குடியேறிய கதைதான். இன்றைக்கு எஸ்என்எம்பி பேசுகிற உலகத்து ஸ்விட்ச் அத்தனையும் அந்த 1.3.6.1இல்தான் குடியிருக்கின்றன.

மிச்சத்தையும் படித்துவிடலாம். 2 நிர்வாகம். அடுத்த 1 தான் மிப்-2 என்கிற பொதுப் பட்டியல், 1991 மார்ச்சில் ஆர்எஃப்சி 1213ஆக வந்தது. அதற்குக் கீழே 2 என்பது இன்டர்ஃபேஸ் பகுதி, இன்னொரு 2 அதன் அட்டவணை, 1 அட்டவணையின் ஒரு வரிசை, 10 அந்த வரிசையில் 'உள்ளே வந்த பைட்' என்கிற பத்தி. கடைசி 3 எந்த இன்டர்ஃபேஸ் என்பதைச் சொல்லும் எண். ஆக, உங்கள் ஸ்விட்சின் 3ஆம் இன்டர்ஃபேஸுக்குள் இதுவரை எத்தனை பைட் வந்தது என்பதுதான் அந்த நீளமான வால். அட்டவணையில் இல்லாமல் தனியாக நிற்கிற தகவலுக்கு, உதாரணமாக சாதனத்தின் பெயருக்கு, வரிசை எண் கிடையாது என்பதால் கடைசியில் ஒரு 0 போட்டு முடிப்பார்கள். அந்த 0ஐ விட்டுவிட்டுக் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று பதில் வரும். நான் ஒரு மதியம் முழுக்க அதில் தொலைத்திருக்கிறேன்.

இந்த எண்ணுக்கு என்ன பெயர், அது எண்ணா எழுத்தா, படிக்க மட்டுமா மாற்றவும் முடியுமா, என்ன அர்த்தம் என்று எழுதிவைத்திருக்கிற கோப்புதான் மிப் ஃபைல். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடில் திறந்து படிக்கலாம். அது கேட்கிற பக்கத்தில், அதாவது உங்கள் கணினியில் இருக்க வேண்டும். ஸ்விட்ச் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. உபுண்டுவில் உரிமச் சிக்கலால் இந்த ஃபைல்களைக் கூடவே தருவதில்லை. எஸ்என்எம்பி-மிப்ஸ்-டவுன்லோடர் என்ற பேக்கேஜைப் போட்டுவிட்டு, எஸ்என்எம்பி கான்ஃபிக் ஃபைலில் 'மிப்ஸ்' என்று ஆரம்பிக்கிற வரிக்கு முன்னால் ஒரு # வையுங்கள். அடுத்த வாக்கில் பெயரோடு வரும்.

இன்னொன்று. 24 போர்ட் ஸ்விட்சில் முதல் போர்ட்டைப் பற்றி எல்லாம், அப்புறம் இரண்டாம் போர்ட்டைப் பற்றி எல்லாம் என்று வரும் என எதிர்பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். அப்படி வராது. 'இதற்கு அடுத்தது என்ன, அதற்கு அடுத்தது என்ன' என்று எண் வரிசையில் கேட்டுக்கொண்டே போவதுதான் வாக். பத்தி எண் முன்னால், போர்ட் எண் பின்னால் இருப்பதால், கல்யாணப் பந்தி மாதிரி ஒரு பதார்த்தத்தை எல்லா இலைக்கும் வைத்துவிட்டுத்தான் அடுத்த பதார்த்தம் வரும். 24 பெயர், அப்புறம் 24 வேகம், அப்புறம் 24 நிலை. இலை இலையாகப் பார்க்க வேண்டும் என்றால் எஸ்என்எம்பிடேபிள் கட்டளை இருக்கிறது.

கேள்வி: புதுவயலில் ரைஸ்மில் வைத்திருக்கிறோம். கேமராவுக்கான ஸ்விட்ச் சூட்டிலும் தவிட்டுத் தூசியிலும் போய்விட்டது, வேறு கம்பெனி ஸ்விட்ச் மாற்றினோம். மானிட்டரிங் சாஃப்ட்வேரில் ட்ராஃபிக் கிராஃப் அதுபாட்டுக்கு வருகிறது. டெம்பரேச்சர் கிராஃப் மட்டும் காலி. ஸ்விட்சில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, கோயில் மாறிவிட்டது.

ட்ராஃபிக் கணக்கு பொதுப் பட்டியலில், மேலே சொன்ன 1.3.6.1.2.1க்குக் கீழே இருக்கிறது. எந்தக் கம்பெனி ஸ்விட்சாக இருந்தாலும் அதே இடத்தில்தான் வைத்தாக வேண்டும். சூடு, ஃபேன், சிபியு போன்ற சமாச்சாரங்களைப் பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் சொந்த இடத்தில், 1.3.6.1.4.1க்குக் கீழே வைத்துக்கொள்கின்றன. அங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் எண். ஐபிஎம் 2, சிஸ்கோ 9, எச்பி 11, மைக்ரோசாஃப்ட் 311, மைக்ரோடிக் 14988. இன்டர்நெட் எண்களை ஒதுக்குகிற ஐயானா அமைப்பு இந்த எண்ணைக் காசு வாங்காமல் கொடுக்கிறது, உங்கள் மில் பெயரில்கூட ஒன்று வாங்கலாம். எண்ணுக்குக் கீழே எதை எங்கே வைப்பது என்பது அந்தந்தக் கம்பெனியின் பாடு. பிள்ளையார்பட்டிக்காரர், மாத்தூர்க்காரர், வைரவன்பட்டிக்காரர் என்று நகரத்தாருக்கு ஒன்பது கோயில் இருக்கிறது இல்லையா, ஒரு கோயிலின் புள்ளிக் கணக்கை, அதாவது குடும்பக் கணக்கை, இன்னொரு கோயில் ஏட்டில் தேடினால் கிடைக்குமா?

உங்கள் சாஃப்ட்வேர் இன்னும் பழைய கம்பெனியின் கிளையில் போய்ச் சூட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது. புதிய ஸ்விட்சிடம் 1.3.6.1.2.1.1.2.0 கேளுங்கள். 'நான் யார்' என்பதற்கு அது தன் கம்பெனி எண்ணும் மாடல் எண்ணும் சேர்ந்த ஓர் ஓஐடியையே பதிலாகக் கொடுக்கும். அதை வைத்துக் கம்பெனித் தளத்தில் அந்த மாடலுக்குரிய மிப் ஃபைலை இறக்கி சாஃப்ட்வேரில் ஏற்றுங்கள். ஏற்றும்போது 'இன்னொரு மிப் காணோம்' என்று திட்டும், ஏனென்றால் ஒரு ஃபைல் இன்னொன்றிலிருந்து கடன் வாங்கியிருக்கும். கேட்கிற ஃபைலையும் சேர்த்து ஏற்ற வேண்டும். அதற்கு முன் 1.3.6.1.2.1.99ஐ ஒரு வாக் போட்டுப் பாருங்கள். சென்சார்களுக்கென்று பொதுவில் வைத்த இடம் அது, சில கம்பெனிகள் மரியாதையாக அங்கேயும் சூட்டை எழுதுகின்றன. எழுதாதவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

தவிட்டுத் தூசிக்கு எஸ்என்எம்பியில் மருந்து இல்லை. ஒரு மூடிய பெட்டி வாங்குங்கள்.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டைத் தங்கும் விடுதியாக்கி நடத்துகிறேன். சுவர் கனத்தால் சிக்னல் தாண்டாது, 14 இடத்தில் வைஃபை பெட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று நின்றுபோனால் மானிட்டரில் ஒரு ஐபி எண் சிவப்பாகிறது. அது எந்தப் பெட்டி என்று கண்டுபிடிக்க முகப்பிலிருந்து நாலாங்கட்டு வரை பையன் ஓட வேண்டியிருக்கிறது. வழி உண்டா தம்பி?

பதில்: உண்டு ஆச்சி, செலவும் இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் தன்னைப் பற்றிச் சொல்ல மூன்று இடம் காலியாக வைத்திருப்பார்கள்: யாரைக் கூப்பிட வேண்டும் (1.3.6.1.2.1.1.4.0), பெயர் என்ன (அதே வரிசையில் 5.0), எங்கே இருக்கிறது (6.0). பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் எஸ்என்எம்பி என்ற தலைப்பில் பெரும்பாலும் கிடைக்கும். நான் பார்த்த இடங்களில் பத்துக்கு எட்டு பேர் இதை நிரப்புவதே இல்லை. உங்கள் ஆளிடம் சொல்லி 'முகப்பு தெற்குத் திண்ணை', 'வளவு கிழக்குப் பத்தி', 'இரண்டாங்கட்டு பந்திக் கூடம்' என்று வீட்டில் புழங்குகிற சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள். 'பிளாக் ஏ, ஃப்ளோர் 1' என்று எழுதவிடாதீர்கள், ராத்திரி 11 மணிக்கு அது யாருக்கும் விளங்காது. ஒரே குறை, இந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள்தான் செல்லும் என்று அந்தக் காலத்தில் விதித்துவிட்டார்கள், அதனால் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியிருக்கும். 255 எழுத்து வரை இடம் உண்டு, தாராளம்.

'யாரைக் கூப்பிட' என்பதில் ஆள் பெயரைப் போடாமல் வேலையைப் போடுங்கள், விடுதி எண்ணைப் போடுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், வேலையை விட்டு ஏழு வருஷமான ஒருவரின் கைப்பேசி எண் 60 ஸ்விட்சில் இருந்தது. பாவம், அவர் வேறு ஊரில் வேறு தொழில் பார்த்துக்கொண்டிருந்தார், நடுராத்திரியில் எங்கள் ஆட்கள் அவரைத்தான் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு விஷயம் ஆச்சி, இதைத் தள்ளிப்போடாதீர்கள். எஸ்என்எம்பியின் பழைய வகைகளில் கடவுச்சொல் மாதிரி ஒரு சொல் உண்டு, பல பெட்டிகளில் அது 'பப்ளிக்' என்றே வந்திருக்கும். அதைத் தெரிந்த விருந்தாளி யாரும் தன் அறையில் உட்கார்ந்தபடியே உங்கள் பெட்டிகளின் விவரம் முழுவதையும் படித்துவிடலாம். சொல்லை மாற்றினாலும் அது வயரில் அப்படியே திறந்தபடி போகும். பெட்டியில் மூன்றாம் பதிப்பு இருந்தால் அதை வைக்கச் சொல்லுங்கள், அதில் ஆளைச் சரிபார்ப்பதும் உண்டு, பூட்டி அனுப்புவதும் உண்டு. இல்லையென்றால் விருந்தாளி வைஃபையிலிருந்து எஸ்என்எம்பி பேசுகிற 161ஆம் போர்ட்டை அடைத்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: தேவகோட்டையில் ஜெராக்ஸ் கடை. பிரிண்டர் டோனர் அளவை எஸ்என்எம்பியில் எடுத்தால் -3 என்கிறது. மைனஸில் எப்படி டோனர் இருக்கும்?

பதில்: கடன் வாங்கி அடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டீர்களா! பிரிண்டர் பட்டியலில் -3 என்றால் 'கொஞ்சம் இருக்கிறது, எவ்வளவு என்று தெரியாது' என்று அர்த்தம். -2 என்றால் ஒன்றுமே தெரியாது. உங்களிடம் இருப்பது கம்பெனி டோனர்தானா என்று நான் கேட்கப்போவதில்லை. சரியான எண் வந்தாலும் அதை நேரே சதவீதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1.3.6.1.2.1.43.11.1.1.9 மீதி அளவு, அதே கிளையில் 8 மொத்தக் கொள்ளளவு, மீதியைக் கொள்ளளவால் வகுத்து நூறால் பெருக்கினால்தான் சதவீதம்.

கேள்வி: திருப்பத்தூரில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிறோம். இரண்டு தொல்லை. மாலை நேரத்தில் ஜிகாபிட் லிங்க் நிரம்பி வழிகிறது, ஆனால் கிராஃபில் 60, 70 எம்பிபிஎஸ்தான் காட்டுகிறது. இன்னொன்று, ரூட்டரில் ஒரு கார்டு மாற்றி ரீபூட் செய்ததிலிருந்து ஒரு தெருவின் கிராஃபில் இன்னொரு தெருவின் ட்ராஃபிக் வருகிறது.

பதில்: இரண்டுமே என் தலைமுடியைக் கொட்டவைத்த சங்கதிகள்.

முதல் தொல்லை: நீங்கள் எடுப்பது 32 பிட் எண்ணி (கவுன்டர்). அது 4,294,967,295 வரை எண்ணிவிட்டு மறுபடி 0இலிருந்து ஆரம்பிக்கும். பைட் கணக்கில் ஒரு முழு ஜிகாபிட் லிங்க் இதை 34 விநாடியில் முடித்துவிடும். நீங்கள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்ப் படிக்கிறீர்கள், அதற்குள் அது எட்டு சுற்றுக்கு மேல் சுற்றி வந்திருக்கும். மின்வாரிய மீட்டர் இரண்டு மாதத்துக்குள் எட்டு தடவை பூஜ்யத்துக்கு வந்தால் ரீடிங் எடுக்கிறவர் என்ன கணக்கு எழுதுவார்? அதனால்தான் பிறகு 64 பிட் எண்ணியை வேறொரு கிளையில் சேர்த்தார்கள். உள்ளே வருவதற்கு 1.3.6.1.2.1.31.1.1.1.6, வெளியே போவதற்கு கடைசி எண் 10. இவற்றைப் படிக்க எஸ்என்எம்பி முதல் பதிப்பு உதவாது, அதில் 64 பிட்டே கிடையாது. இரண்டாம் பதிப்பான 2சி ஆவது வேண்டும். மாற்றிப் பாருங்கள், கிராஃப் உண்மையைச் சொல்ல ஆரம்பிக்கும், அப்புறம் உங்களுக்கு வேறு கவலை வரும்.

இரண்டாவது தொல்லைக்கு மூலம், ஓஐடியின் அந்தக் கடைசி எண். அதைப் போர்ட் எண் என்று நினைத்துத்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். அது ரூட்டர் தன் வசதிக்கு வைத்துக்கொள்கிற வரிசை எண். ஒரு ரீபூட்டுக்கும் அடுத்த ரீபூட்டுக்கும் நடுவில் மாறக்கூடாது என்றுதான் விதி, ரீபூட்டைத் தாண்டியும் நிலைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கார்டு மாற்றினீர்கள், அது முதலிலிருந்து எண்ணிவிட்டது. பந்தியில் ஒருவர் எழுந்து போனதும் எல்லோரும் ஓர் இலை தள்ளி உட்கார்ந்த மாதிரி. சில ரூட்டர்களில் இந்த எண்ணை நிலையாக வைக்க ஒரு செட்டிங் உண்டு, தேடிப் போடுங்கள். அதைவிட நல்லது, ஒவ்வொரு போர்ட்டுக்கும் நீங்கள் எழுதுகிற குறிப்பை (31.1.1.1.18 என்ற பத்தியில் வரும்) வைத்து கிராஃபைப் பொருத்தச் சொல்வது. தெருப் பெயரை அதில் எழுதிவிட்டால் வரிசை எண் எப்படிப் போனாலும் தெரு மாறாது. மாறிய நாளிலிருந்து சேர்ந்த பழைய கிராஃபைத் திருத்துவது வீண் வேலை, அழித்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளத்தூர். எங்கள் ஸ்விட்ச் ஒன்றரை வருஷமாக அணையவே இல்லை. ஆனால் 'அப்டைம் 5 நாள்' என்கிறது. யாராவது அணைத்துவிட்டு மறைக்கிறார்களா?

பதில்: வாட்ச்மேனைச் சந்தேகப்படாதீர்கள். இந்த நேரக்கணக்கு விநாடியில் நூறில் ஒரு பங்காக 32 பிட்டில் ஓடுகிறது, 497 நாளில் நிரம்பி 0 ஆகும். இடையில் அப்டேட் எதுவும் போடவில்லையா என்றுதான் எனக்குக் கவலை.

கேள்வி: அழகப்பா பல்கலைக்கழக மாணவர். எஸ்என்எம்பி செத்துப்போன தொழில்நுட்பம், அந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற யாங், நெட்கான்ஃப் படி என்கிறார்கள். நிஜமா அண்ணா?

பதில்: எஸ்என்எம்பி பிறந்தபோதே அதைத் தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள் தம்பி. 1988இல் எடுத்த முடிவு அது. நீண்ட காலத்துக்கு, ஓஎஸ்ஐ என்ற போட்டித் தரக்காரர்களின் நிர்வாக மொழியான சிமிப் வரும், அதுவரை இது ஓடட்டும் என்றார்கள். சிமிப்பை இன்றைக்கு யார் வீட்டுப் பெட்டியில் பார்க்க முடிகிறது? அதற்காகப் புதியதைப் படிக்காதே என்று சொல்லமாட்டேன். நெட்கான்ஃப் 2006இல் வந்தது, யாங் 2010இல். எண்ணுக்குப் பதிலாகப் பெயராலேயே பாதை போட்டு, இன்டர்ஃபேஸ்கள், அதில் இன்னது, அதன் நிலை என்று கேட்கலாம். சாதனத்தின் செட்டிங்கை மாற்றுவதற்கு அது எவ்வளவோ மேல், எஸ்என்எம்பியால் மாற்றும் வேலையைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை. ஆனால் பிரிண்டர், யூபிஎஸ், விலை குறைந்த ஸ்விட்ச் பக்கம் போனால் இன்னும் 1.3.6.1தான் பேச வேண்டும். மிப் மரத்தை ஒரு வாரம் படித்துவிட்டு யாங்குக்குப் போ, பாதி அங்கே ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருக்கும்.

கேள்வி: கோட்டையூர். பழைய யூபிஎஸ் ஒன்று, நெட்வொர்க் கார்டோடு வாங்கினோம். செய்த கம்பெனியே இப்போது இல்லை, மிப் ஃபைல் எங்கும் கிடைக்கவில்லை. வாக் போட்டால் 80 வரி எண் வருகிறது. எது பேட்டரி, எது கரன்ட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் 1.3.6.1.2.1.33ஐ வாக் போடுங்கள். யூபிஎஸ்களுக்கான பொதுக் கிளை, அங்கே ஏதாவது வந்தால் ஆர்எஃப்சி 1628ஐப் பார்த்து அப்படியே படித்துவிடலாம், கம்பெனி ஃபைல் வேண்டாம். 33.1.2.4.0 பேட்டரி சதவீதம், 33.1.2.3.0 இன்னும் எத்தனை நிமிஷம் தாங்கும், 33.1.4.1.0இல் 3 என்றால் கரன்டில் ஓடுகிறது, 5 என்றால் பேட்டரியில்.

எல்லாமே கம்பெனி கிளையில்தான் வருகிறது என்றால் பட்டியலை நீங்களே எழுத வேண்டியதுதான், கஷ்டமில்லை. வேலை எல்லாம் முடிந்த பிறகு யூபிஎஸ்ஸில் ஒரு டேபிள் ஃபேனை மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாக் போட்டு ஃபைலாகச் சேமியுங்கள். மெயினை அணைத்து இரண்டு நிமிஷம் கழித்து இன்னொன்று, பத்து நிமிஷம் கழித்து மூன்றாவது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 80இல் ஏழெட்டு வரிதான் மாறியிருக்கும். 230 பக்கத்தில் இருந்து 0க்கு விழுந்தது உள்ளே வரும் வோல்ட். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது பேட்டரி. 500 என்று ஒன்று அசையாமல் நின்றால் பயப்படாதீர்கள், பத்தில் ஒரு பங்கு ஹெர்ட்ஸில் சொல்கிற வழக்கம் யூபிஎஸ்களில் உண்டு, அது 50தான். 273 என்று வந்து இறங்குவது 27.3 வோல்ட் பேட்டரியாக இருக்கலாம். ஒரே தரம் மாறி அப்படியே நின்ற சின்ன எண், கரன்டா பேட்டரியா என்று சொல்வது. ஃபேனை நிறுத்திவிட்டு நாலாவது வாக் போட்டால் லோடு எது என்பதும் சிக்கிவிடும்.

கிடைத்ததை ஒரு நோட்டில் எண்ணும் பெயருமாக எழுதி யூபிஎஸ்ஸுக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், கொத்தமங்கலத்திலிருந்து இதே மாடலுக்கு இன்னொருவர் போன மாதமே கேட்டிருக்கிறார்.